வாசகர் கேள்வி – பதில்: துருக்கியின் மனுவைத் தள்ளுபடி செய்துவிடலாமா?

சென்ற இதழில், ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் கோரித் துருக்கி கொடுத்த மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்தவற்றுள் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்டன: நடக்காது என்று இரு தரப்புக்கும் தெரிந்த பிறகும் அதை ஏன் முடித்துவைக்காமல் இருக்கிறார்கள்? ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன். மற்றக் கேள்விகளை அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: 1987-ல் மனுக் கொடுத்த ஒரு நாட்டை இத்தனை ஆண்டுகள் வாசலில் நிற்கவைத்திருப்பது இலவு காத்த கிளியின் கதையாக இருக்கிறதே. ‘இல்லை’ என்று ஒரு சொல் சொல்ல ஐரோப்பாவுக்கு என்ன தயக்கம்?
– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், மேலூர்

பதில்: தங்கள் கணக்கில் இருபத்து நான்கு ஆண்டுகள் குறைகின்றன, ஐயா. கதை 1963-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள் துருக்கித் தலைநகர் அங்காராவில் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து தொடங்குகிறது. அப்போது, இன்றைய ஒன்றியத்தின் முன்வடிவான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் ஆறே நாடுகள்தாம் இருந்தன. அதன் ஆணையத் தலைவராக இருந்த வால்டர் ஹால்ஸ்டைன், துருக்கி ஐரோப்பாவின் ஒரு பகுதி என்று அந்த மேடையிலேயே சொன்னார். உறுப்பினராகும் வாய்ப்பையும் அந்த உடன்படிக்கை குறிப்பிட்டது. துர்குத் ஓசால் பிரதமராக இருந்தபோது, 1987 ஏப்ரலில், முறையான மனு கொடுக்கப்பட்டது. அதே ஆண்டு மொராக்கோவும் மனுச் செய்தது. மொராக்கோவிடம், நீங்கள் ஐரோப்பிய நாடு அல்லர் என்று நேரடியாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். துருக்கியிடம் அப்படிச் சொல்லவில்லை. 1989-ல் ‘இப்போதைக்கு இல்லை’ என்றார்கள். 1996 முதல், இரு தரப்பும் தமக்குள் தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்கவரி வாங்காத சுங்க ஒன்றியம் நடைமுறைக்கு வந்தது. 1997-ல் லக்சம்பர்க்கில் கூடிய மாநாடு துருக்கியை வேட்பு நாடுகளின், அதாவது உறுப்பினராகச் சேரத் தகுதியுடையவை என்று முறைப்படி ஏற்கப்பட்ட நாடுகளின், பட்டியலில் சேர்க்கவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1999 டிசம்பரில், ஹெல்சிங்கியில் சேர்த்துக்கொண்டது. 2005 அக்டோபர் 3-ஆம் நாள் பேச்சுவார்த்தை தொடங்கியது.

அந்தப் பேச்சுவார்த்தையில் மொத்தம் 35 அத்தியாயங்கள். மீன்பிடி முதல் நீதித்துறை வரை ஒவ்வொரு துறைக்கும் ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை திறக்கப்பட்டவை 16. தற்காலிகமாக முடித்துவைக்கப்பட்டது ஒன்றே ஒன்று, அறிவியல் ஆராய்ச்சி பற்றியது, அதுவும் 2006-லேயே. கடைசியாக ஓர் அத்தியாயம் திறக்கப்பட்டது 2016 ஜூனில். அதன் பிறகு பக்கம் புரளவே இல்லை.

கிளிக் கதையில் ஓரிடத்தில் மட்டும் தங்களோடு மாறுபடுகிறேன். இலவு வெடித்தபோது கிளிக்குப் பஞ்சுகூட மிஞ்சவில்லை. துருக்கிக்குக் காத்திருந்த காலத்திலேயே சில கிடைத்தன. ஹெல்சிங்கிக்குப் பிந்தைய ஐந்தாண்டுகளில் அந்நாடு மரண தண்டனையை முதலில் அமைதிக் காலக் குற்றங்களுக்கும் பின்னர் முழுமையாகவும் ஒழித்தது; தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் வழியே இராணுவம் ஆட்சியில் செலுத்திவந்த ஆதிக்கத்தைக் குறைத்தது; அரசுப் பாதுகாப்பு நீதிமன்றங்களைக் கலைத்தது; பொதுவிடத்தில் பேசுவதற்கே தடை இருந்த குர்து மொழியில் அரசுத் தொலைக்காட்சி 2004-ல் நிகழ்ச்சி ஒலிபரப்பியது. இவையெல்லாம் ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் நகரத்தின் மேலுள்ள அன்பினால் நடந்தவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு என்ற ஒன்று மேசைமேல் இல்லாதிருந்தால் அந்த வேகத்தில் நடந்திருக்கும் என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

கேள்வி: நாட்டின் பெயர் இப்போது ‘துர்கியே’ அல்லவா? ஐக்கிய நாடுகள் சபையே ஏற்றுக்கொண்ட பிறகு நீங்கள் பழைய பெயரையே எழுதலாமா?
– கல்லூரி மாணவி, ஆனையூர்

பதில்: 2022 ஜூனில் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் அவர்கள் மாற்றக் கேட்டது ஆங்கிலப் பெயரை. தமிழில் நாம் முன்பிருந்தே சொல்லிவரும் ‘துருக்கி’ அவர்களுடைய உச்சரிப்புக்கு ஆங்கிலத்தைவிட அருகில்தான் இருக்கிறது.

கேள்வி: எங்கள் தொழிலில் ‘வாய்தா’ வேறு, ‘தள்ளுபடி’ வேறு. துருக்கியின் மனு இப்போது சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறது? அதைத் தள்ளுபடி செய்யும் அதிகாரம் யாருக்கு உண்டு?
– வழக்கறிஞர், ஒத்தக்கடை

பதில்: உயர் நீதிமன்றக் கிளைக்குப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி என்பது கேட்ட விதத்திலேயே தெரிகிறது. இன்றைய நிலை, தேதி குறிப்பிடாத வாய்தா. 2018 ஜூனில் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் கூடி, துருக்கி ஒன்றியத்திலிருந்து மேலும் மேலும் விலகிச் செல்கிறது, பேச்சுவார்த்தை நடைமுறையில் நின்றுவிட்டது, இனி எந்த அத்தியாயத்தையும் திறப்பதற்கோ மூடுவதற்கோ இல்லை என்று எழுதிவைத்தார்கள். ‘நின்றுவிட்டது’ என்றார்களே தவிர ‘நிறுத்திவைக்கிறோம்’ என்று சொல்லவில்லை. இந்த வேறுபாடு தங்களுக்கு நான் விளக்க வேண்டியதன்று.

முறையாக நிறுத்திவைக்க வழி உண்டு. 2005-ல் வகுக்கப்பட்ட பேச்சுவார்த்தைச் சட்டகத்தின்படி, சனநாயகம், மனித உரிமை, சட்டத்தின் ஆட்சி ஆகியவை கடுமையாகவும் தொடர்ச்சியாகவும் மீறப்பட்டால், ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையமே முன்வந்தோ, உறுப்பு நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு கேட்டுக்கொண்டதன் பேரிலோ நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கலாம்; அதன்மேல் முடிவெடுக்கத் தகுதி பெற்ற பெரும்பான்மை போதும். ஒருமனதான ஒப்புதல் தேவையில்லை. இத்தனை எளிய வழி இருந்தும் இதுவரை யாரும் அதைப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஐரோப்பிய நாடாளுமன்றம் மட்டும் பலமுறை குரல் கொடுத்தது. 2016 நவம்பரில் 479 வாக்குகள் தற்காலிக முடக்கத்துக்கு ஆதரவாகவும் 37 எதிராகவும் விழுந்தன. 2019 மார்ச்சில் முறையாக நிறுத்திவைக்கக் கோரிய தீர்மானம் 370-க்கு 109 என்று நிறைவேறியது. ஆனால் இந்த விஷயத்தில் நாடாளுமன்றத் தீர்மானம் அரசுகளைக் கட்டுப்படுத்தாது.

தள்ளுபடிக்கு வருகிறேன். வேட்பு நாட்டின் தகுதியை ஒரேயடியாகப் பறிப்பதற்கென்று ஒன்றியத்தின் ஒப்பந்தத்தில் தனிப் பிரிவு கிடையாது. அப்படி ஒரு முடிவை எடுக்க வேண்டுமானால் அரசியல் வழியில், எல்லா நாடுகளையும் இணங்கவைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, அதற்குப் பின் என்ன ஆகும் என்பது. உங்கள் நீதிமன்றத்தில் வாதி தன் வழக்கைத் திரும்பப் பெறும்போது, புதிதாகத் தொடர அனுமதி பெற்றுக்கொண்டு விலகுவது ஒன்று; அனுமதியின்றி விலகுவது வேறு. இங்கே அந்த அனுமதி என்ற ஏற்பாடே இல்லை. மறுபடி மனுக் கொடுத்தால் ஒப்பந்தத்தின் 49-ஆம் பிரிவின்படி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வேட்பு நாடாக ஏற்கவும் பேச்சுவார்த்தையைத் தொடங்கவும் 27 நாடுகளும் ஒருமனதாகத் தலையசைக்க வேண்டும். அந்த இருபத்தேழில் கிரேக்கமும் சைப்ரஸும் இருக்கின்றன. 1999-ல் ஹெல்சிங்கியில் கிரேக்கம் தடுக்காமல் விட்டதற்கு, அந்த ஆண்டு இரு நாடுகளையும் உலுக்கிய நிலநடுக்கங்களும் அவற்றை ஒட்டி இரு மக்களிடையே பிறந்த இரக்கமும் ஒரு காரணம். அப்படி ஒரு தருணம் இன்னொரு முறை வாய்க்கும் என்று எண்ணி ஒரு நாட்டின் எதிர்காலத்தைத் திட்டமிட முடியாது.

கேள்வி: ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள் ஐயா. துருக்கி முஸ்லிம் நாடு என்பதுதானே உண்மையான தடை? மற்றவை எல்லாம் சாக்குகள்தானே?
– அத்தர் வணிகர், கோரிப்பாளையம்

பதில்: அது ஒரு தடையே இல்லை என்று நான் சொன்னால் தாங்கள் என்னை நம்பக் கூடாது. ஒன்றியத்தின் எதிர்காலத்தை வகுக்க அமைக்கப்பட்ட பேரவைக்குத் தலைவராக இருந்த முன்னாள் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தாங், துருக்கி சேர்ந்தால் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவாக இருக்கும் என்று 2002-ல் வெளிப்படையாகவே சொன்னார். நிக்கோலா சர்க்கோசி, துருக்கி இருப்பது ஐரோப்பாவில் அன்று, ஆசியாவின் மேற்கு முனையான சின்ன ஆசியாவில் என்று சொல்லி 2007-ல் வாக்குக் கேட்டார். வென்ற பின், உறுப்பினராவதோடு நேரடித் தொடர்புடைய சில அத்தியாயங்களைத் திறக்கவிடாமல் தடுத்தார். புவியியல் என்ற போர்வைக்குள் எது இருந்தது என்பதை ஊகிக்க அதிகச் சிரமப்பட வேண்டியதில்லை.

ஆனால் அது மட்டுமே தடை என்று சொல்வதற்கும் இல்லை. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் அல்பேனியா 2014 முதல் வேட்பு நாடு. பொஸ்னியாவுக்கும் 2022-ல் அந்தத் தகுதி கிடைத்தது. துருக்கியின் மக்கள்தொகை ஏறத்தாழ எட்டரைக் கோடி என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றியத்தின் தகுதி பெற்ற பெரும்பான்மை என்பது மக்கள்தொகையையும் கணக்கில் கொள்வது. துருக்கி உள்ளே வந்தால் வந்த அன்றே ஜெர்மனிக்கு நிகரான எடையுடன் உட்காரும். அல்பேனியாவுக்கு இடம் கொடுப்பது திண்ணையில் ஒருவருக்கு நகர்ந்து உட்காருவது போல. துருக்கிக்கு இடம் கொடுப்பதற்கு வீட்டையே மாற்றிக் கட்ட வேண்டும்.

இவற்றுக்கு மேல் சைப்ரஸ் என்ற முடிச்சு இருக்கிறது. 1974 முதல் பிளவுபட்டிருக்கும் அந்தத் தீவை இணைக்க ஐக்கிய நாடுகள் சபை ஒரு திட்டம் கொடுத்து, 2004 ஏப்ரல் 24-ஆம் நாள் இரு பகுதியிலும் வாக்கெடுப்பு நடந்தது. துருக்கிய சைப்ரஸ் மக்களில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் சம்மதித்தார்கள். கிரேக்க சைப்ரஸ் மக்களில் 76 விழுக்காட்டினர் மறுத்தார்கள். மறுத்த தரப்பு ஒரு வாரத்தில், மே 1-ஆம் நாள், ஒன்றியத்தின் உறுப்பினராயிற்று. சம்மதித்த தரப்பு வெளியே நின்றது. அன்று துருக்கியருக்கு ஏற்பட்ட மனக்கசப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். அதன் பின் துருக்கி தன் துறைமுகங்களைச் சைப்ரஸ் கப்பல்களுக்குத் திறக்க மறுத்தது. அதற்காக 2006 டிசம்பரில் எட்டு அத்தியாயங்கள் முடக்கப்பட்டன. 2009-ல் சைப்ரஸ் தன் பங்குக்கு மேலும் ஆறு அத்தியாயங்களைத் தடுத்தது. ஆகவே, 2016-ஆம் ஆண்டு இராணுவப் புரட்சி முயற்சிக்குப் பின் அதிபர் எர்தோவானின் அரசு நடந்துகொண்ட விதத்தால்தான் பேச்சு நின்றது என்று சொல்பவர்கள் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறார்கள். வண்டி அதற்குப் பத்தாண்டுகள் முன்பே சேற்றில் இறங்கிவிட்டது.

கேள்வி: துருக்கியோடு அதே நாளில் பேச்சுவார்த்தையைத் தொடங்கிய நாடு ஏதாவது உண்டா? அது இப்போது எங்கே இருக்கிறது?
– பத்தாம் வகுப்பு மாணவன், திருமங்கலம்

பதில்: உண்டு, தம்பி. குரோஷியாவும் 2005 அக்டோபர் 3-ஆம் நாள்தான் தொடங்கியது. 2013 ஜூலை 1-ஆம் நாள் உறுப்பினராகிவிட்டது. வழியில் அண்டை நாடான ஸ்லோவேனியா எல்லைத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டிப் பல மாதங்கள் பேச்சை முடக்கிவைத்தது. இரு நாடுகளும் அந்தத் தகராறை நடுவர் மன்றத்துக்கு விட ஒப்புக்கொண்டதும் வண்டி நகர்ந்தது.

கேள்வி: நாங்கள் பேண்டேஜ் துணி நெய்து ஏற்றுமதி செய்கிறவர்கள். துருக்கிச் சரக்கு ஐரோப்பாவுக்குள் சுங்கவரி இல்லாமல் போகிறது என்று கேள்விப்படுகிறோம். மனுவை முடித்துவிட்டால் அந்தச் சலுகையும் போய்விடுமா? எங்களுக்கு அதில் ஏதாவது ஆதாயம் உண்டா?
– விசைத்தறி உரிமையாளர், சத்திரப்பட்டி

பதில்: போகாது. சுங்க ஒன்றியம் 1963-ஆம் ஆண்டின் அங்காரா உடன்படிக்கையையும் 1995-ல் எடுக்கப்பட்ட தனி முடிவையும் ஆதாரமாகக் கொண்டது. உறுப்பினர் மனுவோடு அதற்குச் சட்டத் தொடர்பு இல்லை. மனு நாளையே கிழித்துப் போடப்பட்டாலும் துருக்கியின் தொழிற்சாலைப் பொருள்கள் வரியின்றியே போய்க்கொண்டிருக்கும். வேளாண் விளைபொருள்களும் சேவைகளும் முதலிலிருந்தே அதற்குள் வரவில்லை. ஆகவே இதில் தங்களுக்கு ஆதாயமும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் அந்தச் சுங்க ஒன்றியத்தில் ஒரு கோணல் இருக்கிறது. அது தங்களைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. துருக்கி தன் வெளிச் சுங்கவரியை ஒன்றியத்தின் வரியோடு ஒத்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றியம் மூன்றாவது நாடு ஒன்றோடு தடையற்ற வணிக உடன்பாடு செய்துகொண்டால், அந்நாட்டுச் சரக்கு ஐரோப்பா வழியாகத் துருக்கிச் சந்தைக்குள் நுழைந்துவிடும். ஆனால் துருக்கிச் சரக்கு அந்நாட்டுக்குள் சலுகையோடு போக, துருக்கி தனியாகப் பேசி உடன்பாடு வாங்க வேண்டும். பேசும் மேசையில் அதற்கு நாற்காலி கிடையாது. 1995-ல் இதை ஒப்புக்கொண்டபோது, சில ஆண்டுகளில் உறுப்பினராகி நாமும் அந்த மேசையில் உட்காரப்போகிறோம் என்ற எண்ணத்தில்தான் ஒப்புக்கொண்டார்கள். மனுவை முடித்துவைப்பவர்கள் இந்த ஏற்பாட்டை மட்டும் அப்படியே வைத்திருக்க முடியாது. குறைந்தது அதைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும். அந்தத் திருத்தப் பணியையும் 2018-ல் மனுவோடு சேர்த்தே உறையவைத்துவிட்டார்கள். அது தவறு என்பது என் கருத்து. வணிகத்தைத் திருத்துவதற்கும் உறுப்பினராக்குவதற்கும் முடிச்சுப் போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையே வணிக உடன்பாட்டுப் பேச்சு 2007-ல் தொடங்கி, 2013-ல் நின்று, ஒன்பது ஆண்டுகள் உறங்கி, 2022-ல் மறுபடி எழுந்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் யாராவது, இது செத்துவிட்டது, ஈமச்சடங்கைச் செய்துவிடுவோம் என்று கிளம்பியிருந்தால் தங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு அது நல்லதாக இருந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: அழகர் தங்கையின் கல்யாணத்துக்கு வந்து, கல்யாணம் முடிந்துவிட்டது என்று ஆற்றங்கரையிலேயே கேள்விப்பட்டு, ஊருக்குள் வராமல் வண்டியூருக்குத் திரும்பிவிடுகிறார். துருக்கியும் அப்படிக் கௌரவமாகத் திரும்பிவிட வேண்டியதுதானே?
– இல்லத்தரசி, தல்லாகுளம்

பதில்: அம்மா, தாங்கள் எதிர்சேவை நடக்கும் தெருவிலிருந்து எழுதுகிறீர்கள், ஆகையால் தங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அழகர் திரும்பிவிடுகிறார்தான், ஆனால் அடுத்த சித்திரையிலும் புறப்பட்டு வருகிறார். கல்யாணத்துக்குப் போய்ச் சேருவதா இல்லையா என்பதை யாரும் அவரிடம் கேட்பதில்லை; அவர் வருகிற வழியில் எத்தனை மண்டகப்படி என்றுதான் ஊர் கணக்கு வைத்திருக்கிறது. மேலூர் ஆசிரியருக்குச் சொன்ன பதிலில் நான் பட்டியலிட்ட மரண தண்டனை ஒழிப்பும் மற்றவையும் துருக்கி வந்த வழியில் இறங்கிய மண்டகப்படிகள். வண்டியூருக்குத் திரும்புவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மலையை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டால்தான் கவலை.

கேள்வி: தானாகவே மனுவைத் திரும்பப் பெற்ற நாடுகள் உண்டா?
– தபால் துறை ஊழியர், உசிலம்பட்டி

பதில்: சுவிட்சர்லாந்து 1992-ல் மனுக் கொடுத்தது, அதே ஆண்டு இறுதியில் அதனோடு தொடர்புடைய ஒரு வாக்கெடுப்பில் மக்கள் மறுத்துவிட்டதால் மனுவை அப்படியே தூங்கவைத்து, 2016-ல்தான் முறையாகத் திரும்பப் பெற்றது. ஐஸ்லாந்து 2009-ல் மனுச் செய்து, 2013-ல் பேச்சை நிறுத்தி, 2015-ல் எங்களை இனி வேட்பு நாடாகக் கருத வேண்டாம் என்று கடிதம் எழுதியது. நார்வே 1972-லும் 1994-லும் பேச்சுவார்த்தையை முடித்து, ஒப்பந்தமும் செய்து, மக்கள் வாக்கெடுப்பில் இருமுறையும் வேண்டாம் என்றது. இம்மூன்றும் செல்வ நாடுகள். மூன்றிலும் சட்டத்தின் ஆட்சிக்குக் குறைவில்லை. மூன்றும் வெளியே இருந்தபடியே ஒன்றியத்தின் சந்தையோடு நெருங்கிய ஏற்பாடுகளை வைத்துக்கொண்டிருக்கின்றன. துருக்கிக்கு முன்மாதிரியாக இவற்றைக் காட்டுபவர்கள் இந்த மூன்று வேறுபாடுகளையும் மறந்துவிடுகிறார்கள்.

ஜார்ஜியா வேறு வகை. 2023 டிசம்பரில் வேட்புத் தகுதி பெற்று, அடுத்த ஆண்டு நவம்பரில் அதன் பிரதமரே 2028 வரை பேச்சுவார்த்தையைத் தொடங்கக் கேட்கப்போவதில்லை என்று அறிவித்தார். மறுநாளே மக்கள் வேலைக்குப் போய்விடவில்லை. தலைநகர் திபிலிசியில் இரவிரவாகத் தெருவில் நின்றார்கள். மனு என்பது அரசாங்கத்தின் சொத்து என்று நினைத்திருந்த எனக்கு அந்தக் காட்சிகள் ஒரு பாடமாக அமைந்தன.

கேள்வி: 2016-ஆம் ஆண்டு இதே பகுதியில், ‘நடக்காத கல்யாணத்துக்குப் பந்தல் எதற்கு, பிரித்துவிடலாம்’ என்று எழுதியவர் நீங்கள்தான். கத்தரித்து வைத்திருக்கிறேன். இப்போது தொடரட்டும் என்கிறீர்களா? துருக்கியின் சமூகச் செயற்பாட்டாளர் உஸ்மான் கவாலா 2017-லிருந்து சிறையில் இருக்கிறார். அவரை விடுவிக்க ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சொல்லியும் விடவில்லை. வேட்பு நாடு என்ற தகுதி அவருக்கு என்ன செய்தது? அந்த நீதிமன்றம் மனு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இருக்கப்போகிறதே.
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சிவகங்கை

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை அதிக நேரம் உட்காரவைத்தது இதுதான். முதலில் தாங்கள் சொன்னவற்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த வரியை எழுதியவன் நான்தான். ஸ்ட்ராஸ்பர்க் நகரிலுள்ள அந்த மனித உரிமை நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்ந்ததன்று, ஐரோப்பிய அவை என்ற வேறோர் அமைப்பைச் சேர்ந்தது; துருக்கி அந்த அவையில் 1949 முதல் இருக்கிறது; மனு போனாலும் அந்த நீதிமன்றம் போகாது. கவாலாவை விடுவிக்க வேண்டும் என்று அது 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரலில் துருக்கி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. குர்து அரசியல் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் வழக்கிலும் அந்த நீதிமன்றத்தின் பெரும் அமர்வு 2020-ல் விடுதலை செய்யச் சொன்னது, உடனே செய்யவில்லை. 2025 மார்ச்சில் இஸ்தான்புல் மேயர் எக்ரெம் இமாமோக்லு கைது செய்யப்பட்டபோதும் வேட்புத் தகுதி ஒரு சிறைக்கதவையும் திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு ‘மனு ஒரு நெம்புகோல்’ என்று எழுதுகிறவர்கள் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

பிறகு ஏன் கருத்தை மாற்றிக்கொண்டேன்? 2016-ல் நான் இதை இரு அரசுகளுக்கு இடையிலான நேர்மைப் பிரச்சினையாகப் பார்த்தேன். இருவரும் நடிக்கிறார்கள், நடிப்பை நிறுத்தினால் உறவு சுத்தமாகும் என்பது என் வாதம். 2017-ல் ஜெர்மானியப் பிரதமர் மெர்க்கெலும் ஒரு தேர்தல் விவாதத்தில் பேச்சை முடித்துவிடப் பாடுபடுவேன் என்றபோது, நான் சொன்னதைத்தான் சொல்கிறார் என்று மகிழ்ந்ததும் உண்டு. அதன் பின் நடந்தவற்றைப் பார்த்தபோது எனக்கு ஒன்று உறுத்தத் தொடங்கியது. மனுவால் கட்டுப்பட வேண்டியவர் எர்தோவான். அவரே அதைத் திரும்பப் பெறவில்லை. 2023 செப்டம்பரில், தேவைப்பட்டால் ஒன்றியத்தை விட்டு விலகிப் போவோம் என்றார். அதற்கு இரண்டே மாதம் முன்பு, ஸ்வீடன் நேட்டோவில் சேர வேண்டுமானால் முதலில் துருக்கிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வழியைத் திறந்துவிடுங்கள் என்றார். பயனில்லை என்று சொல்லிக்கொண்டே பத்திரத்தைப் பெட்டியில் பூட்டிவைத்திருக்கும் மனிதரைப் போல. கதவைச் சாத்திய பழி தம்மேல் விழாமல் எதிர்த்தரப்பு சாத்த வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, நாமாகச் சாத்திக் கொடுப்பது தண்டனை ஆகுமா? பரிசு ஆகும். ‘பார்த்தீர்களா, அவர்கள் ஒருபோதும் நம்மைச் சேர்த்துக்கொள்வதாக இருந்ததில்லை’ என்று அவர் பேசப்போகும் அடுத்த பத்தாண்டுப் பேச்சுக்கு நாமே முதல் வரியை எழுதிக் கொடுத்ததாக ஆகும்.

இரண்டாவது, ஆட்சி என்பது ஒரு நாடு ஆகிவிடாது. 2017 ஏப்ரலில் அதிபருக்கு அதிகாரத்தைக் குவித்த அரசமைப்புத் திருத்தம் 51.4 விழுக்காட்டு வாக்கில்தான் நிறைவேறியது. எதிர்த்தவர்கள் கிட்டத்தட்டப் பாதி. 2024 மார்ச்சில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் எதிர்க்கட்சியான குடியரசு மக்கள் கட்சி நாடு முழுவதிலும் ஆளுங்கட்சியைவிட அதிக வாக்கு வாங்கியது. அந்தப் பாதிப் பேருக்கு நாளை வாய்ப்பு வந்தால், உறைந்துகிடக்கும் பேச்சை உருக்குவது வேறு. இருபத்தேழு நாட்டின் வாசலில் முதலிலிருந்து மனுவோடு நிற்பது வேறு. ஒத்தக்கடை வழக்கறிஞருக்கு எழுதிய பதிலின் கடைசிப் பகுதியை மறுபடி படித்துப் பாருங்கள். என் மனமாற்றத்தின் பாதி அங்கே இருக்கிறது.

நடிப்பு தொடர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2005-ன் சட்டகத்தில் உள்ள வழியில் பேச்சை முறையாக நிறுத்திவைத்து, எவ்வெவற்றைச் செய்தால் மீண்டும் தொடங்கும் என்பதைப் பெயர் சொல்லி எழுதிக் கொடுத்துவிடலாம். கவாலாவின் பெயரையே எழுதலாம். அது ‘நின்றுவிட்டது’ என்று கையை விரிப்பதைவிட நேர்மையானது. கிழித்துப் போடுவதைவிட மீட்கத் தக்கது. சேரவிருக்கும் நாட்டுக்கு ஒன்றியம் தரும் முன்சேர்க்கை நிதியைப் பெருமளவு குறைத்துவிட்டார்கள். ஆகவே மனுவை உயிரோடு வைத்திருப்பதனால் பெரிய செலவு ஒன்றுமில்லை. சுங்க ஒன்றியத் திருத்தம், அகதிகள் உடன்பாடு, விசா ஆகியவற்றைத் தனித்தனியே அவற்றின் தகுதியில் பேசிக்கொள்ளலாம். 2016 மார்ச்சு உடன்பாட்டில் சிரிய அகதிகளைத் தடுப்பதற்கு ஈடாக, பணத்தோடும் விசாவோடும் சேர்த்து உறுப்பினர் பேச்சுக்குப் புத்துயிர் என்ற வாக்குறுதியையும் ஒரே பொட்டலமாகக் கட்டியதுதான் இந்த விஷயத்தில் நடந்த மிகப் பெரிய பிழை என்பது என் எண்ணம். நியாயத்துக்காகக் கொடுக்க வேண்டியதைப் பண்டமாற்றாகக் கொடுத்தால் பிறகு அதற்கு மதிப்பு இராது.

கத்தரித்து வைத்த பக்கத்தைத் தாங்கள் எறிந்துவிட வேண்டாம். இதையும் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: என் மகள் பெர்லினில் கணினித் துறையில் இருக்கிறாள். அவளோடு வேலை செய்யும் துருக்கிப் பெண்ணின் பெற்றோருக்கு மகளைப் பார்க்க விசா கிடைப்பது எங்களுக்குக் கிடைப்பதைப் போலவே பாடாக இருக்கிறதாம். வேட்பு நாடு என்றால் அதற்குக்கூட உதவாதா?
– இளந்தைக்குளம் வாசகி

பதில்: உதவவில்லை, அம்மா. ஜெர்மனி தொழிலாளர்களை அழைத்துக்கொள்ளத் துருக்கியோடு உடன்பாடு செய்தது 1961-ல். அன்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே குடிமக்கள். ஆனால் துருக்கியிலிருந்து பார்க்கப் போகிறவர்களுக்குக் கதவு சாத்தியபடியே இருக்கிறது. விசா விலக்குக்கு 72 நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றைத் துருக்கி 2016-க்குள்ளேயே நிறைவேற்றிவிட்டது. மிஞ்சியவற்றுள் முக்கியமானது, பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் வரையறையைச் சுருக்க வேண்டும் என்பது. பத்திரிகையாளரையும் பேராசிரியரையும் பிடித்து உள்ளே வைக்க உதவும் அதே சட்டம். அதைத் திருத்தினால் அந்தப் பெற்றோர் பெர்லினுக்கு எளிதில் போகலாம். திருத்துவதற்கு உறுப்பினர் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திருக்க வேண்டியதுமில்லை. தங்கள் மகள் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னால், எங்களுக்கு இது எப்போதோ தெரியும் என்று அவர் சொல்லக்கூடும்.